முகூர்த்தத்துக்கு முன் ஓர் ஆட்டம்: நீலகிரித் திருமணக் காலையில் கோல்ஃப் - நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

திருமண நாளன்று விடிகாலையில், முகூர்த்தத்துக்கு முன்பாக, நான்கு பேர் கோல்ஃப் ஆடப் போனார்கள். அவர்களில் ஒருவர் மாப்பிள்ளை. தாலி குறித்த நேரத்தில் ஏறியது, யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அன்று காலை மண்டபத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு பதற்றம் நிலவியது. முந்தைய இரவே தவிர்த்திருக்கக்கூடிய பதற்றம் அது.

நான் மாப்பிள்ளையின் கல்லூரி நண்பன். ஆடப் போகவில்லை, மண்டபத்தில் இருந்தேன். நேரில் பார்த்ததையும், ஆடிய நால்வரிடமும் பெண் வீட்டாரிடமும் பிறகு கேட்டறிந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் மண்டபம், மைதானம் எவை என்பதையும் சொல்லவில்லை.

பின்னணி

நீலகிரியில் ஊட்டியிலும் வெலிங்டனிலும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே கோல்ஃப் உண்டு. அந்த மலையில் பிறந்தவர்களில் பலருக்கு அது பணக்காரர் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை, பிழைப்பாகவும் இருந்தது. புல் வெட்டுவது, பந்து பொறுக்குவது, ஆடுகிறவரின் பையைச் சுமந்துகொண்டு கேடியாகக் கூடவே நடப்பது என்று பல குடும்பங்கள் அதில் பிழைத்திருக்கின்றன. மாப்பிள்ளையின் அப்பா அப்படி ஒரு மைதானத்தில் பல வருடம் கேடியாக இருந்தவர். பல கிளப்புகளில் வாரத்தில் ஒரு நாள் கேடிகளை ஆட விடுவார்கள். அந்த நாட்களில் அப்பாவோடு போய், யாரோ கழித்துக் கொடுத்த மட்டையை வைத்துக்கொண்டுதான் இவர் ஆடப் பழகினார்.

இந்தியக் கோல்ஃபில் கேடியாகத் தொடங்கி மேலே வந்தவர்கள் குறைவல்ல. 1991-இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற அலி ஷேரும், 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் சின்னசாமி முனியப்பாவும் அந்த வழியில் வந்தவர்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முனியப்பாவின் வெற்றி பெரிய விஷயம். அதைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது என்பார்கள். திருமணத்துக்கு இரண்டு வருடம் முன்பு அப்பா தவறிவிட்டார். கல்யாணக் காலையில் அவர் நடந்த புல்லில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு வந்து மணையில் உட்கார வேண்டும் என்பது மகனின் ஆசை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் வீம்பாகத்தான் தெரியும். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

ஆடத் தயாரானவர்கள் நான்கு பேர். மாப்பிள்ளை, அவருடன் வேலை பார்க்கும் ஒரு நண்பர், அந்தக் கிளப்பில் உறுப்பினராக இருக்கும் மூத்த நண்பர், பெண்ணின் தம்பி. தம்பிக்கு இருபத்து நான்கு வயது. அப்போதுதான் ஆடக் கற்றுக்கொண்டிருந்தார். வரப்போகும் மாமாவோடு ஆட வேண்டும் என்று ரொம்ப ஆசை. மாப்பிள்ளைக்கும் மைத்துனர் கூட வருவது பிடித்திருந்தது.

இடமும் பருவமும்

திருமணம் 2025 வைகாசியின் முதல் வாரத்தில். ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும் சமயம். மண்டபம் இருந்த ஊருக்கும் மைதானத்துக்கும் இடையே சாதாரண நாளில் நாற்பது நிமிட மலைப்பாதை. சீசனில் காலை எட்டரைக்கு மேல் அதே தூரத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விடிகாலையில் போவது சுலபம். திரும்பி வருவதுதான் பிரச்சினை.

இன்னொன்று இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். 2025 சீசனில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு. கல்லாறு போன்ற சோதனைச் சாவடிகளில் பாஸைப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். விண்ணப்பித்தவரின் கைபேசிக்குத்தான் பாஸ் வரும். ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பருவநிலையைப் பொறுத்தவரை, மே மாதத்தில் பிற்பகல் இடி மழைக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் ஆடுவதற்குக் காலைதான் நல்லது. சூரியன் ஆறு மணி வாக்கில் உதித்துவிடும். ஆனால் மலையில் உதயமும் வெளிச்சமும் ஒன்றல்ல. பனிமூட்டம் விலகுவதற்கு அதற்கென்று ஒரு நேரம் உண்டு.

முதல் திட்டமும் வீட்டார் எழுப்பிய கேள்விகளும்

நண்பர்கள் முதலில் போட்ட திட்டம் 18 குழி, அதாவது ஒரு முழு ஆட்டம். ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முடித்துவிடலாம் என்றார்கள். முகூர்த்தம் 10:30 முதல் 12 வரை. தாளில் பார்த்தால் சரியாக வருகிற மாதிரி இருக்கும். நால்வர் தனித்தனிப் பந்தில் 18 குழி ஆட நான்கு மணி நேரம் என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். நான்கரை ஆவது வெகு சாதாரணம். அப்புறம் பயணம், குளியல், சடங்குகள். கிளப் உறுப்பினரான மூத்த நண்பரே முதல் பேச்சிலேயே இது ஆகாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாமல் போய்விட்டு வந்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மாப்பிள்ளை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் முன்பே தாய்மாமனிடம் நேரில் போய்ச் சொன்னார். இந்த நிகழ்வில் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால், சொன்ன பிறகுதான் உண்மையான தடை எது என்று தெரிந்தது.

"முதல் நாள் சாயங்காலம் காப்புக் கட்டிருவோம். கட்டின பிறகு ஊர் எல்லை தாண்டக் கூடாது. உங்கப்பா இருந்தா இதை ஒத்துக்கிட்டிருப்பாரா?" என்றார் மாமா.

"அப்பா நடந்த இடத்துக்குத்தான் மாமா போறேன். காப்புக் கட்டுறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுறேன்" என்றார் இவர்.

அத்தை கவலைப்பட்டது உடம்பைப் பற்றி. கால் பிசகினால்? கையில் கொப்புளம் வந்தால்? வெயிலில் முகம் கறுத்தால்? பெண்ணின் அம்மா தடை சொல்லவில்லை. "எட்டு மணிக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்கும்போது வாசலில் யார் நிற்பார்கள்?" என்று மட்டும் கேட்டார். மணப்பெண் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "நீங்க போங்க. தம்பியை விட்டுட்டுப் போங்க. எங்க வீட்டுல எல்லா வேலையும் அவன் கையிலதான் இருக்கு."

பெண்ணின் அப்பா வழியில் பெரியவர்கள் முதுமையில் இருந்ததால், பெண் வீட்டில் வண்டி ஏற்பாடு, சமையல்காரருக்குப் பணம், அறை ஒதுக்கீடு எல்லாவற்றையும் தம்பிதான் பார்த்துக்கொண்டார். சடங்கிலும் அவருக்கு இடம் உண்டு. மாப்பிள்ளையைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வருவதும், பொரியிடும்போது அக்காவின் கையில் பொரி போடுவதும் அவர்தான். மணப்பெண் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். தம்பியின் முகம் வாடியதையும் பார்த்தார்கள். கடைசியில் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காப்பு விஷயத்தில் ஐயரைக் கேட்டார்கள். காலையில் மண்டபத்திலேயே, மணையில் உட்காருவதற்கு முன் கட்டினாலும் குறையில்லை என்றார். அதன்படி காப்பு 8:45-க்கு என்று முடிவானது. மாமாவுக்கு முழுத் திருப்தி இல்லை என்றாலும் ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் ஆடலாமே என்ற யோசனையும் பேசப்பட்டது. அலுவலக நண்பர் முதல் நாள் மாலைதான் வந்து சேருவார் என்பதாலும், மாலையில் வரவேற்பு இருந்ததாலும் அதைக் கைவிட்டார்கள்.

ஆட்டத்தை 9 குழியாகக் குறைத்தார்கள். அதோடு ஒரு கெடுவும் வைத்தார்கள்: எட்டு மணிக்கு எந்தக் குழியில் இருந்தாலும் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். இந்தக் கெடுவைப் பிடித்துக்கொண்டு மண்டபத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். முகூர்த்தம் 10:30, மணையில் அமர 9:45, காப்பு 8:45, குளித்து உடை மாற்ற அதற்கு முன் கொஞ்ச நேரம், பயணம் முக்கால் மணி. இப்படிப் பார்த்தால் எட்டு மணிக்கே இறுக்கிப் பிடித்தது. 7:40 என்று வைத்திருக்கலாம்.

ஆடும் முறையையும் மாற்றினார்கள். நால்வரும் ஆளுக்கொரு பந்து அடிக்காமல், இரண்டு ஜோடியாகப் பிரிந்து, ஜோடிக்கு ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஃபோர்சம்ஸ் முறை. நான்கு பந்துக்குப் பதில் இரண்டு பந்துதான் மைதானத்தில் இருக்கும். ஒருவர் அடிக்கும்போது அவருடைய ஜோடி முன்னால் போய் நிற்கலாம். மொத்த அடிகளை எண்ணும் ஆட்டமாக இல்லாமல் குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளே என்றும் வைத்துக்கொண்டார்கள். அதில் தோற்றது உறுதியான குழியை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டமுறை எனக்குத் தெரியவில்லை.

வண்டி இரண்டு. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று இருக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வேறொரு காரணத்துக்குக் கைகொடுத்தது.

தம்பியின் வேலைகளை யாரிடம் ஒப்படைப்பது என்பது மட்டும் முடிவெடுக்காமலே நின்றது. எட்டு மணிக்குள் திரும்பக் கிளம்பிவிடுவோம், அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம். பூக்காரருக்குத் தர வேண்டிய மீதிப் பணத்தை மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மைதானத்தில் நடந்தது

5:20-க்குக் கிளம்பி ஆறு மணிக்கு மைதானத்தில் இருந்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர், வேலையை விட்டுச் சில வருடம் ஆனவர், மாப்பிள்ளையின் பையைத் தூக்குவதற்காகவே வந்து காத்திருந்தார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

முதல் டீயில், அதாவது முதல் குழிக்கான ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தில், நின்றால் நூறு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு பனிமூட்டம். வழி தெரிந்த மைதானம்தானே, நேராக அடித்துவிடலாம் என்று அலுவலக நண்பர் சொன்னார். மூத்த நண்பரும் கேடிப் பெரியவரும் மறுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் புல் வெட்டுகிறவர்களும் இலை கூட்டுகிறவர்களும் உள்ளே இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அடித்த கோல்ஃப் பந்து ஒருவர் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. நேரம் குறைவாக இருந்தபோதும் காத்திருந்தார்கள் பாருங்கள், அது பாராட்டத்தக்க முடிவு. 6:40-க்குத்தான் முதல் பந்து அடிக்கப்பட்டது. நாற்பது நிமிடம் போயிருந்தது. கெடுவை மாற்றவில்லை. ஒன்பது குழி இனி முடியாது, ஆறு கிடைத்தால் போதும் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

மலை மைதானத்தில் வெளியூர்க்காரர்கள் தடுமாறும் விஷயம் ஒன்று உண்டு. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். சமவெளியில் பழகிய கணக்கில் மட்டையை எடுத்தால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பான கிரீனைத் தாண்டிப் போய்விடும். இரண்டாவது குழியில் அலுவலக நண்பர் அடித்த பந்து அப்படித்தான் தாண்டி, மஞ்சள் பூப் பூக்கும் முட்புதருக்குள் போனது. 2019-இல் திருத்திய விதிகளின்படி பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. அவர்கள் மூன்று நிமிடம்கூடத் தேடவில்லை. குழியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள்.

மூன்றாவது குழியில் டீயிலிருந்து அடித்து முடித்து நடக்கத் தொடங்கியபோது, டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வெளியான ஃபேர்வேயின் ஓரத்தில் காட்டெருமைகள். ஐந்து உருப்படி, ஒன்று கன்று. கன்றோடு இருக்கும் காட்டெருமைக்கு அருகில் போகக் கூடாது என்பது அந்த மலையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பெரியவர் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருந்தால் தண்டனை இல்லாமல் பந்தை வேறு இடத்தில் வைத்து ஆடிக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஆனால் அங்கே பந்தை எடுக்கப் போவதே ஆபத்து. ஆடத் தொடங்கிய குழியை இரு தரப்பும் ஒத்துக்கொண்டு சமமாக முடித்துக்கொள்ளலாம் என்பதால் அப்படியே செய்துவிட்டு, மேட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு நான்காவதற்குப் போனார்கள்.

ஐந்தாவது குழி முடிந்தபோது மணி 7:50. ஆட்டம் சரிசமமாக நின்றது. அப்பா அடிக்கடி சொல்லும் ஏழாவது குழி அங்கிருந்து தெரிந்தது. இன்னும் இரண்டே குழி, ஓடிப்போய் அடித்துவிட்டு வந்துவிடலாம் என்று மாப்பிள்ளை கேட்டார். அப்போது மூத்த நண்பர், "எங்க ஜோடி ஆட்டத்தைக் கொடுத்துருச்சு. நீங்க ஜெயிச்சாச்சு" என்று கையை நீட்டினார். மேட்ச் பிளேயில் எந்த நேரத்திலும் ஆட்டத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கலாம், கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஆட்டம் முடிந்துவிட்டது என்றால் தொடர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. "நேரமாச்சு வா" என்று நாலு தடவை சொல்லியிருந்தால்கூட இந்த வேலை நடந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் கிளப் ஊழியர் ஒருவர் சைக்கிளில் வேகமாக வந்தார்.

அதே நேரம் மண்டபத்தில்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பெண் வீட்டு உறவினர்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் 7:10-க்குக் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றது. ஓட்டுநரிடம் இ-பாஸ் இல்லை. பாஸ் எடுக்கப்பட்டிருந்தது, முறையாகவே எடுக்கப்பட்டிருந்தது. அது இருந்த இடம் தம்பியின் கைபேசி. இரவு அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னவர் வரவேற்புக் கூட்டத்தில் மறந்துவிட்டார். சாவடியில் இருந்தவர்கள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள், மரியாதையாகவே பேசினார்கள் என்று வேனில் வந்தவர்கள் சொன்னார்கள். பாஸைக் காட்டினால் உடனே விடுகிறோம் என்பதுதான் அவர்கள் பதில்.

அந்த வேனில் மணப்பெண்ணின் தாய்மாமன் இருந்தார். மணப்பெண்ணுக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்து வர வேண்டியவர் அவர். தம்பியின் கைபேசிக்கு மாறி மாறி அழைத்தும் கிடைக்கவில்லை. மைதானத்தின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது.

7:25-க்குப் பெண்ணின் அம்மா என்னிடம் வந்தார். அவர் கோபப்படவில்லை. "நான் கேட்டேனே தம்பி, வாசலில் யார் நிற்பார்கள் என்று" என்று மட்டும் சொன்னார். ஆடப் போன மற்ற மூவரின் எண்களையும் முயன்றேன், ஒன்றும் போகவில்லை. கிளப் அலுவலகத்தின் தரைவழி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அங்கே எடுத்தவர் விஷயத்தைக் கேட்டதும் யோசிக்காமல் ஓர் ஆளை அனுப்பினார். அவர்தான் சைக்கிளில் போய் ஐந்தாவது குழியில் பிடித்தவர்.

மணப்பெண் அப்போது அலங்காரத்தில் இருந்தார். யாரும் சொல்லவில்லை என்றாலும் அறைக்கு வெளியே நடந்த பேச்சு காதில் விழாமல் இல்லை. தாய்மாமன் வராமல் மேடை ஏற மாட்டேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவர் முன்பே சொன்ன எச்சரிக்கை இப்படித் திரும்பி வந்து அவர் தலையிலேயே விழுந்தது எனக்கு ரொம்பவும் வருத்தமாக இருந்தது. அன்று ஆட்டத்தால் யாராவது உண்மையிலேயே பாதிக்கப்பட்டார்கள் என்றால் அது அவர்தான்.

விளைவு

தம்பி கிளப் கட்டடம் வரை ஓடி, சிக்னல் கிடைத்ததும் எட்டு மணிக்குப் பாஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 8:05-க்கு வேன் கிளம்பியது. இரண்டு வண்டி இருந்ததால் தம்பி முதல் வண்டியில் உடனே புறப்பட்டார். மற்றவர்கள் காலணி மாற்றிக்கொண்டு இரண்டாவது வண்டியில் வந்தார்கள். மாப்பிள்ளை 8:50-க்கு மண்டபத்தில் இருந்தார். காப்பு 9:15-க்குக் கட்டப்பட்டது, அரை மணி தாமதம். வேன் 9:40-க்கு வந்தது. மலைப்பாதையில் கூட்டம் இன்னும் ஏறவில்லை என்பதால் மட்டுமே அது முடிந்தது. தாய்மாமன் இறங்கி, கை கால் கழுவி, நேராக மாலையோடு போனார். மாமன் சீரை விரிவாகச் செய்ய நேரம் இல்லை. தட்டுகளை வரிசையாகக் கொண்டு வர ஆசைப்பட்டிருந்தார்கள். அது நடக்கவில்லை. 10:50-க்குத் தாலி ஏறியது.

உடம்பைப் பற்றி அத்தை பயந்ததில் ஒன்று மட்டும் நடந்தது. பனியில் நனைந்த காலணியோடு நடந்ததால் மாப்பிள்ளையின் இடது குதிகாலில் தோல் உரிந்திருந்தது. வெறுங்காலோடு அக்கினியைச் சுற்றி வரும்போது லேசாக நொண்டினார். உடம்பைச் சூடு பண்ணாமல் குளிரில் மட்டை வீசியதில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. மணையில் ஒரு மணி நேரம் சம்மணமிட்டு உட்கார அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

இரு வீட்டாரிடையே மனக்கசப்பு ஏதும் தங்கவில்லை. அன்று மாலையே தம்பி தன் அக்காவிடமும் தாய்மாமனிடமும் போய்ப் பேசினார். அடுத்த வாரம் மாப்பிள்ளையும் மணப்பெண்ணும் மைதானத்துக்குப் போய் மீதி இருந்த குழிகளை நடந்து பார்த்தார்கள். ஏழாவதில் மணப்பெண்ணும் ஒரு பந்து அடித்தார்.

எதை மாற்றலாம், எதை அப்படியே வைக்கலாம்

திருமண நாளில் ஆடுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இவருக்கு இருந்த காரணம் கனமானது. ஆனால் எல்லாரும் ஒரே ஒருவரைச் சுற்றியே கணக்குப் போட்டார்கள். மாப்பிள்ளை எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், மாப்பிள்ளைக்கு அடிபடுமா, மாப்பிள்ளையின் காப்பு எப்போது என்று எல்லாக் கேள்வியும் அவரைப் பற்றியே. மாப்பிள்ளை விடிகாலையில் மூன்றரை மணி நேரம் மண்டபத்தில் இல்லாவிட்டால் உண்மையில் எதுவும் நிற்காது. மைத்துனர் இல்லாவிட்டால் பல வேலை நிற்கும். ஆடப் போகும் ஒவ்வொருவரையும் வைத்து, இவர் இல்லாத நேரத்தில் இவரைத் தேடி யார் வருவார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். மணப்பெண் அந்தக் கேள்விக்குப் பதிலையே சொல்லியிருந்தார்.

கல்யாண வீட்டில் ஏற்பாட்டுப் பொறுப்பில் இருப்பவர் ஆடப் போகக் கூடாது என்பது என் கருத்து. போயே ஆக வேண்டும் என்றால் முதல் நாள் இரவு படுப்பதற்கு முன் ஒப்படைப்பு முடிந்திருக்க வேண்டும். பாஸ், சாவி, பணம், ஓட்டுநர்களின் எண்கள், சமையல் மாஸ்டரின் எண் எல்லாம் இன்னொருவர் கைக்குப் போயிருக்க வேண்டும். இ-பாஸ் ஓட்டுநரின் கைபேசியிலும், அச்சிட்ட தாளாக வண்டியிலும் இருப்பது நல்லது.

இரண்டு வண்டி, ஃபோர்சம்ஸ், மேட்ச் பிளே, முன்கூட்டியே வைத்த கெடு ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். குழிக் கணக்கைவிட நேரக் கணக்குதான் உதவியது. மலையில் ஆடுகிறவர்கள் பனிமூட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எத்தனை குழி வருமோ அதை ஆடலாம். மைதானத்தில் சிக்னல் இல்லை என்று தெரிந்தால், கிளப் அலுவலக எண்ணை மண்டபத்தில் இருப்பவர் ஒருவரிடம் முந்தைய நாளே கொடுத்துவிட வேண்டும். அன்று அந்த எண்ணைத் தேடவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது. மாற்றுக் காலணி, மாற்றுக் காலுறை, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஆகியவற்றை வண்டியில் வைப்பது சின்ன வேலைதான், ஆனால் வெறுங்காலில் சடங்கு செய்யப் போகிறவருக்கு அது பெரிய உதவி.

காப்பை மாற்றி வைத்ததில் மாப்பிள்ளையின் மாமாவுக்கு இன்னும் உடன்பாடு இல்லை. முதல் நாள் காலையே ஆடியிருக்கலாம், அலுவலக நண்பரை ஒரு நாள் முன்னதாக வரச் சொல்லியிருக்கலாம் என்கிறார். இதை நானும் ஏற்கிறேன். முதல் நாள் காலை என்றால் காப்பும் மாறியிருக்காது, கெடுவும் இவ்வளவு இறுகியிருக்காது.

இன்னொரு ஏற்பாடும் விட்டுப்போயிருந்தது. பையைச் சுமந்த பெரியவரைக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். வண்டியில் இடம் இருந்தும், அவசரத்தில் கிளம்பியபோது யாரும் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை மணையில் இருந்தபடியே கூட்டத்தில் அவரைத் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஆடப் போனவர்கள் நால்வர் என்றுதான் கடைசி வரை எல்லாரும் எண்ணினார்கள். ஐந்து பேர் என்று எண்ணி வண்டி ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.